ஆட்டுக்கு நீங்க, ஆண்டவருக்கு நீ

வாசலில் காயப்போட்ட துணியை ஆடு தின்ன வந்தால் நாங்கள் கல்லெடுப்போம். பக்கத்து அறை அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். "போங்க, அங்குட்டுப் போங்க. அது ஆச்சி வீட்டுத் துணி. உங்களுக்கு வேற தாரேன்" என்பார். ஆடு நகராது. "சொன்னாக் கேளுங்களேன்" என்று கெஞ்சுவார். தெருவே சிரிக்கும்.

கிறிஸ்தவர் என்பதால் எங்கள் தெருவில் எல்லாரும் அவரை வேதக்காரம்மா என்று கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். நான் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவர் எனக்காக ஒரு கடுதாசி எழுதினார். என் வீட்டுக்காரர் கழுத்தில் விழ இருந்த கயிற்றை நிறுத்தச் சொல்லிக் கேட்ட கடுதாசி. அது இன்னும் என் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது.

காரைக்குடியில் அப்போது பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆசாரிமார் தெருவில் விடிந்ததிலிருந்து உளிச் சத்தமும் இழைப்புளிச் சத்தமும்தான். அதற்கு நடுவே ஒரு தையல் மிஷின் சத்தம் கேட்டால் அது வேதக்காரம்மா. எங்கள் வீட்டுக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. செட்டியார் வீட்டு ஆச்சிமார்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். பெரியவர், சின்னவர், பால்காரர், பிச்சைக்காரர், காக்கை, ஆடு என்று வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் நீங்கதான். தவழ்கிற பிள்ளையைப் பார்த்து, "மண்ணைத் திங்காதீக" என்பார்.

ஒருமுறை அளவு கொடுக்க வந்த ஓர் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, என்னையும் வாங்கங்கிற, ஆட்டையும் வாங்கங்கிற. அப்ப எனக்கு என்னதாண்டி மதிப்பு?"

"ஆட்டுக்குக் குடுத்ததுனால உங்களுக்குக் குறைஞ்சிருச்சா ஆச்சி? கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தூக்கினார்.

அவர் நீ என்று சொல்வது ஒரே ஓர் ஆளிடம்தான். ஆண்டவரிடம். அதுவும் இங்கிலீஷில்.

அந்த இங்கிலீஷ் வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் மதுரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டில் ஆயாவாக இருந்தாராம். துரைசானிக்குக் கண் போய்விட்டது. தினமும் சாயங்காலம் பழைய ஜெபப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துக்கூட்டி ஆரம்பித்துப் பதினோரு வருஷம் வாசித்தார். எழுதவும் அதைப் பார்த்தே பழகினார். துரைசானி மற்றதெல்லாம் தமிழில்தான் பேசுவாராம். அதனால் அந்த அம்மாவுக்கு அழ, கெஞ்ச, நன்றி சொல்ல, கோபித்துக்கொள்ள இங்கிலீஷ் தெரியும். சீனி வாங்கவும், ரயில் எப்போது வரும் என்று கேட்கவும் தெரியாது.

"அது வெள்ளைக்காரன் இப்பப் பேசுற இங்கிலீஷ் இல்ல. அவுக பாட்டன் பூட்டன் சாமிகிட்டப் பேசுனது. சந்தையில செல்லாது" என்று அவரே சொல்வார்.

ஊசி உடைந்தால் மிஷினை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து, "தவ் சீயெஸ்ட்!" என்பார். சொல் முடிகிற இடத்தில் காய்ந்த கல்லில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சத்தம். தவ் ஹியரெஸ்ட், தவ் நோயெஸ்ட், எல்லாம் அப்படித்தான் முடியும். என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. பேசுவதானால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். அவரிடம் மட்டும் கேட்க முடிந்தது.

"தவ்னா நீ. நீ பாக்குறே. பாத்துக்கிட்டே சும்மா இருக்கேன்னு சொன்னேன்."

"சாமிய அப்படிக் கேக்கலாமா?"

"வேற யாரைக் கேக்குறது? ஊசிக்காரனையா?"

அந்த இங்கிலீஷ் மனுஷரிடம் செல்லுமா என்று தெரு முழுக்க ஒருநாள் தெரிந்துகொள்ளப் பார்த்தது. ரோடு அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் தெருமுனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. இந்த அம்மா ஒரு செம்பு மோரை எடுத்துக்கொண்டு நேரே போய், அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வரி பேசினார். துரை விழுந்து விழுந்து சிரித்தார் என்றார் கூட வந்த டவாலிச் சேவகர். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் மோரைக் குடித்தார் என்றார் எதிர்வீட்டுக்காரர். கதவிடுக்கில் நின்ற எனக்கு அந்த அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. சிரித்தாரா, தொப்பியைக் கழற்றினாரா? இந்த ஒன்றை எத்தனை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருப்பேனோ.

என் வீட்டுக்காரர் வாசல் நிலை செதுக்குகிறதில் பேர் எடுத்தவர். ஒரு செட்டியார் வீட்டு வேலைக்கென்று பர்மாவுக்குக் கப்பலேறிப் போனார். எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். எட்டு மாதம் கடுதாசி வந்தது. பிறகு நின்றுபோனது. அப்புறம் ஒருநாள் மத்தியானம் கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பர்மாவிலிருந்து அப்போதுதான் வந்தவர். தண்ணீர் கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை.

"ஆத்தா, எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல. மரக்கிடங்குல ஒரு சண்டை. ஒருத்தன் செத்துப்போனான். அங்க கிடந்தது உன் வீட்டுக்காரன் உளி. பிடியில சங்கு செதுக்கியிருக்குல்ல, அது யாரு வேலைன்னு ஊருக்கே தெரியும். அவன் அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தான். உளியை எவன் எடுத்தான்னு தெரியல. சாட்சி சொல்ல நாதியில்ல."

என் வீட்டுக்காரருடைய அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். அவரை நான் பெரியவுக என்பேன். "இப்ப என்ன பண்ணியிருக்காக?" என்று கேட்டார்.

"தூக்குன்னு தீர்ப்பாகிப்போச்சு. பொண்டாட்டி பேருல இங்கிலீஷ்ல மனுப் போனா, அங்க ஆளுற பெரிய துரை மனசு வச்சுக் குறைக்கலாமாம். சுருக்கப் போகணும். கப்பல்ல போய்ச் சேரவே நாளாகும்."

பெரியவுக வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப் போனார். நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் நாளைக்கு வா என்றார்கள். மூன்றாம் நாள் காலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டின சேலையோடு அடுத்த அறைக்குப் போய் வேதக்காரம்மா முன்னால் உட்கார்ந்தேன். அவருக்கு விஷயம் தெரியும். கையிலிருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தார்.

"அவுக பேரு சொல்லுங்க."

நான் தலையைக் குனிந்தேன். எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்டுகள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவுக ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். எந்த நேரத்தில் அதைப் பார்த்தேன் பாருங்கள்.

"பேரு இல்லாம மனு எப்படித் தாயி? சரி, இந்தாங்க." துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியையும் நீலத் துண்டுத் துணி ஒன்றையும் நீட்டினார். மூன்றாம் வகுப்பில் குண்டு குண்டாக எழுதிப் பழகிய கை. துணியில் அவுக பெயரை எழுதினேன். அவர் அதைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டார்.

"இனி அவுகளைப் பத்திச் சொல்லுங்க. அவுக எப்படியாப்பட்டவுக?"

என்ன சொல்வது? மூன்று வருஷம்தான் வாழ்ந்தேன். மரத்தை இழைப்பதற்கு முன்னால் எறும்பு இருந்தால் ஊதிவிட்டு, அது இறங்கிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் வேலை தாமதமாகி ஏச்சு வாங்குவார். அதைச் சொன்னேன். கீச்சுக் குரலில், சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இது போதும்" என்றார். எழுதும்போது ஓரிடத்தில் நிமிர்ந்தார். "இங்கிலீஷ்ல ஒரு கஷ்டம். உங்க வீட்டுக்காரர அவுகன்னு எழுத முடியாது. அவனுக்கும் அவுகளுக்கும் ஒரே சொல்லுதான். கோவிச்சுக்கிடாதீக."

எழுதி முடித்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'பெரிய துரையே, நீ உயரத்தில் இருக்கிறாய். நான் உன்னைக் கண்டதில்லை. நீ என்னைக் கண்டதில்லை. ஆனாலும் என் புருஷன் கழுத்து உன் கையில் இருக்கிறது. எறும்பை ஊதிவிட்டு மரம் இழைக்கிறவன் அவன். நீ இதை அறிந்திருக்கிறாயா? அறியாவிட்டால் நான் சொல்கிறேன், நீ கேள்.'

"துரைய நீன்னு எழுதலாமா?"

"நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாகிட்டப் போயி என்னன்னு கேப்பீக?"

"கண்ணாத்தா, நீதான் காப்பாத்தணும்னு."

"நீங்க கொஞ்சம் காப்பாத்துங்கன்னு கேப்பீகளா?"

"மாட்டேன்."

"அம்புட்டுதான். நீங்கன்னா கும்புட்டுக்கிட்டுத் தள்ளி நிக்கிறது. நீன்னாத்தான் காலைப் புடிக்கிறது. இப்ப நம்ம காலைப் புடிக்கணும்."

அடியில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவர் உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்றைக்கு மத்தியானமே குமாஸ்தா வரச் சொல்லியிருந்தார். பெரியவுக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடுதாசியை அவரிடம் காட்டிவிட்டுத் தபாலில் போடலாம் என்று நினைத்தோம். குமாஸ்தா படித்தார். முதல் வரியிலேயே உதடு கோணியது. பக்கத்து ஆளைக் கூப்பிட்டார்.

"இங்க பாருய்யா கூத்தை. யாரு எழுதுனது இது?"

"தையக்காரம்மா" என்றார் பெரியவுக.

"அதான் ஒட்டுப் போட்டுத் தச்சிருக்கா. துரைய நீ, வா, போன்னு எழுதியிருக்குய்யா! நம்ம ஊரு தாசில்தாரைப் போயி நீ வா போன்னு சொல்லிப்பாரு, முதுகுத் தோலு இருக்குமா? உன் தம்பி கழுத்துல மாட்டுன கயித்தை நீயே இழுத்து விடுவ போல." மறுபடி படித்தார். "எறும்பாம்! ஏய்யா, துரைக்கு எறும்புக் கதை எதுக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சிரிப்பு முடிந்ததும் அவர் ஒரு மனு எழுதினார். மகா மேன்மை தங்கிய, சமூகத்துக்கு, தாழ்மையிலும் தாழ்மையாக என்று வாசித்துக் காட்டினார். எந்த ஊர் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மனு. என் பெயருக்கு நேரே கைநாட்டு வைக்கச் சொன்னார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றேன். தூணிடம் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

"கைநாட்டுன்னாத்தான் துரைக்கு இரக்கம் வரும்" என்று என் பெருவிரலில் மையைத் தடவினார். "ரெண்டும் போடாதீக. ரெண்டு மனுப் போனா ரெண்டும் குப்பைக்குத்தான்."

தபாலாபீஸ் வாசலில் பெரியவுக நின்றார். ஒரு கையில் அந்த அம்மா கடுதாசி, ஒரு கையில் குமாஸ்தா மனு.

"எனக்கு இங்கிலீஷும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. உன் புருஷன். எது போகணும்னு நீ சொல்லு."

வெயில் மண்டையைப் பிளந்தது. காலைப் பிடிக்க வேண்டும் என்ற குரலும் காதில் இருந்தது. கயிற்றை இழுத்து விடுவ போல என்ற சிரிப்பும் காதில் இருந்தது. எது பெரிதாகக் கேட்டதோ அதற்குப் பயந்தேன். வாயால் சொல்லவில்லை. விரலால் காட்டினேன். மை காயாத அதே விரலால், குமாஸ்தாவின் மனுவை.

வீட்டுக்கு வந்தால் அந்த அம்மா வாசலில் நிற்கிறார்.

"போட்டாச்சா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடுதாசி அப்போது என் மடியில் இருந்தது. உள்ளே போய்த் தகரப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

அதிலிருந்து அந்த அம்மா காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். மிஷின் ஓடுகிறபோதெல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் தவ், தவ் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பு அது சண்டை போடுகிற குரல். இப்போது அது காலைப் பிடிக்கிற குரல். என் கடுதாசிக்குப் பின்னாலேயே அவர் ஜெபமும் கப்பலேறிப் போகிறதாக நினைத்திருந்தார். கடுதாசியோ நான் தலை சாய்க்கிற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது. தினமும் வருவார். "இன்னிக்கு எங்க போயிருக்கும்? கப்பல்ல இருக்குமா? கரையேறியிருக்குமா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். எத்தனையோ தடவை எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்கு ஓடிவிடலாமா என்று பெட்டியைத் திறந்தேன். ரெண்டும் குப்பைக்குத்தான் என்ற சொல் வந்து பெட்டியை மூடும்.

பதில் வந்தது. அச்சடித்த தாள். அதில் அவுக பெயரும் தேதியும் மட்டும் கையால் எழுதியிருந்தது. குமாஸ்தா படித்துவிட்டு, "தலையிடுறதுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு" என்றாராம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை என்று பெரியவுக சொன்னார். அப்புறம் சில வாரம் கழித்து ஒரு மூட்டை வந்தது. இரண்டு வேட்டி, ஓர் இழைப்புளி. எனக்கு வயது இருபது.

எல்லாரும் வந்து அழுதார்கள். அந்த அம்மா மட்டும் வரவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் மிஷின் சத்தமும் இல்லை, தவ் சத்தமும் இல்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் வந்தார். உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றார். கையில் அந்த நீலத் துண்டுத் துணி. சுண்ணக்கட்டியில் நான் எழுதிய பெயர் அழியாமல் இருந்தது. அழியக்கூடாது என்று மேலே மெல்லிசுத் துணி வைத்துச் சுற்றிலும் தைத்திருந்தார்.

துணியை என் மடியில் வைத்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"குமாஸ்தா சொன்னதைப் பெரியவுக வாசல்ல நின்னு யாருகிட்டயோ பேசிக்கிட்டிருந்தாக. பாதிதான் காதுல விழுந்துச்சு. துரையை நீன்னு எழுதுனது தப்பாம். எனக்குத் தெரியாமப் போச்சு. எனக்கு அந்த ஒரு பேச்சுத்தான் தெரியும். என் எழுத்தாலதான் அவுக போயிட்டாக." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ என்னை மன்னிச்சிரு."

நீ என்றார். ஆட்டையும் காக்கையையும் நீங்க என்றவர் என்னை நீ என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் காலைப் பிடித்தார்.

அம்மா, உங்க கடுதாசி போகவே இல்லை. இந்த நாலு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியது. பெட்டி பின்னால் நாலு அடியில் இருந்தது. எழுந்து திறந்து காட்டினால்கூடப் போதும், வாயைத் திறக்க வேண்டாம்.

நான் தலையை ஆட்டினேன். மன்னித்தேன் என்று.

அதன்பின் அவர் இங்கிலீஷ் பேசி நான் கேட்கவில்லை. ஜெபப் புத்தகத்தைத் துணியில் சுற்றி உத்தரத்து இடுக்கில் செருகிவிட்டார் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். ஒருநாள் ஆடு வந்து, கொடியில் கிடந்த ஆச்சி வீட்டுத் துணியை இழுத்துத் தின்றது. அந்த அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். போங்க என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாதித் துணி போனபிறகு நான்தான் ஓடிப்போய் விரட்டினேன்.

கொஞ்ச நாளில் காளையார்கோவில் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று மிஷினை வண்டியில் ஏற்றினார். தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என் வீட்டு வாசலிலும் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் திரும்பி நடந்தபிறகு கதவிடுக்கில் பார்த்தேன். மோர் கொடுத்த அன்றைக்குப் போலவே முதுகுதான் தெரிந்தது. வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் அவர் இருந்தாரா, போய்ச் சேர்ந்தாரா, எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. விசாரித்து இருக்கிறார் என்று தெரிந்தால் போய்ச் சொல்ல வேண்டுமே.

கடுதாசி பத்திரமாக இருக்கிறது. தபால்தலையும் அப்படியே ஒட்டியிருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவுக பேத்தி காலேஜில் படிக்கிறாள். நான் பெட்டியைத் துடைக்கும்போது பார்த்துவிட்டு, "குடுங்க அப்பத்தா, என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுறேன்" என்று கையை நீட்டினாள். நான் கடுதாசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் படித்துவிட்டு, இதைப் போய்த் துரைக்கு எழுதலாமா என்று சிரித்துவிட்டால் பரவாயில்லை. எனக்கு அது பிழைக்கிற வழி. சிரிக்காமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?